மாதம் ஒரு பையின் விலைதான் விளம்பரச் செலவு என்றால் அதை எங்கே போடுவது?

கேள்வி இதுதான்: ஒருவர் வீட்டிலிருந்தே குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பைகளும் சாவிக்கொத்துகளும் பின்னி விற்கிறார். இன்ஸ்டாகிராமில் அவருக்கு 600 ஃபாலோயர்கள் இருக்கிறார்கள். லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை. விளம்பரத்துக்கு மாதம் ஒரு பை விற்ற காசுக்கு மேல் ஒதுக்க முடியாது. அந்தக் காசை எதில் போட்டால் பலன் இருக்கும் என்று கேட்கிறார்.

முதல் மாதம் எதிலும் போட வேண்டாம். அதற்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது. பின்னுவது, லைனிங் தைப்பது, ஜிப் வைப்பது, நூல் நுனிகளை உள்ளே செருகி முடிப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மற்ற வேலைகள் போக வாரத்துக்கு 20 மணி நேரம் கிடைத்தால் 4 பை. மாதம் 16, மிஞ்சிப்போனால் 17. அதாவது உங்களுக்கு மாதம் 17 பேர் வாங்கினால் போதும். அதில் நாலைந்து பேர் ஏற்கெனவே வாங்கியவர்கள் என்றால், புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டியது ஒரு டஜன் பேரைத்தான். பத்தாயிரம் ஃபாலோயர் சேர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் எல்லாம் மெஷினில் ஆயிரக்கணக்கில் தயாரிப்பவர்களுக்குப் பொருந்தும். உங்கள் ரீல் ஒன்று திடீரென்று பரவி ஒரே நாளில் 200 ஆர்டர் வந்தால், வாரம் 4 என்ற கணக்கில் கடைசி ஆள் 50 வாரம் காத்திருக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஓய்ந்துபோவீர்கள்.

அடுத்து அந்த 600 பேர் யார் என்று பாருங்கள். பட்டியலைத் திறந்து, கண்ணில் படும் 100 பேரை ஒரு தாளில் மூன்றாகப் பிரியுங்கள்: சொந்தபந்தம், உங்களைப் போலவே பின்னுபவர்கள், பை வாங்கக்கூடியவர்கள். மூன்றாவது வரிசை பெரும்பாலும் பத்தைக்கூடத் தாண்டாது. ‘குரோஷே’ என்ற ஹேஷ்டேக்கைத் தேடிக்கொண்டு வருபவர்கள் குரோஷே பின்னுபவர்கள். உங்கள் தையலை ரசிப்பார்கள், பேட்டர்ன் கேட்பார்கள், எந்த நூல் என்று விசாரிப்பார்கள். வாங்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கே பின்னத் தெரியும். பை தேடுபவர் ‘தோள்பை’, ‘கல்லூரிக்குக் கொண்டுபோகும் பை’, ‘தோழிக்குப் பிறந்தநாள் பரிசு’ என்றுதான் தேடுவார். ஹேஷ்டேக், புரொஃபைல் பெயர், படத்தின் கீழ் எழுதும் வரி மூன்றும் அவருடைய பேச்சில் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் யூசர்நேமுக்குக் கீழே தனியாக ஒரு பெயர்க் கட்டம் இருக்கிறது. தேடலில் அதுவும் கணக்கில் வரும். அங்கே பிராண்டு பெயரோடு ‘கைப்பின்னல் பைகள்’ என்று சேர்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இனி படம். ஆர்டர் வராததற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும், சரிசெய்யக் காசும் தேவையில்லை. நேரடி வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசையைப் போடுங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். பின்னலின் மேடுபள்ளம் அப்போதுதான் தெரியும். நேர் முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் பின்னல் தட்டையாகி, அச்சடித்த துணி போல ஆகிவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் பக்கம் கறுத்துப்போகாது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். மஞ்சள் பல்பின் நிறவெப்பநிலை சுமார் 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5500க்கு மேல். இரண்டும் கலந்தால் பையின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் விழும், எந்த ஃபில்டரும் அதைச் சரியாகப் பிரித்துத் தராது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

ஃபோனைப் பையை ஒட்டி வைத்து எடுக்காதீர்கள். கிட்டே போனால் அகலக்கோண லென்ஸில் முன்பக்கம் வீங்கி, சதுரப் பை கோணலாகத் தெரியும். இரண்டடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் வடிவம் நேராக வரும். போர்ட்ரெய்ட் மோடு பின்னல் வேலைக்கு ஆகாது: குஞ்சம், கைப்பிடி வளையம், பூவேலையின் ஓட்டைகள் ஆகியவற்றின் ஓரத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் அவற்றையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். கறுப்புப் பையைக் கேமரா சாம்பலாகக் காட்டும், வெள்ளைப் பையை அழுக்காகக் காட்டும். எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது அதன் பழக்கம். திரையில் பையைத் தொட்டு, கறுப்புக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், வெள்ளைக்கு ஏற்றுங்கள். ஆழ்சிவப்பும் சிக்கலான நிறம். தையலே தெரியாமல் ஒரே திட்டாகிவிடும், அதற்கும் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். எடுத்து முடித்ததும் அதே நூலுண்டையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ‘படத்தில் பார்த்த நிறம் இது இல்லை’ என்று திரும்பி வரும் ஒரு பார்சலுக்குப் போகவர ஆகும் கூரியர் செலவு, உங்கள் மாத விளம்பரக் காசில் நல்ல பங்கைத் தின்றுவிடும்.

ஒரு பைக்கு ஐந்து படம் போதும்: முழுப் பை (உள்ளே கசக்கிய காகிதம் அடைத்து, தொய்வில்லாமல்), ஒருவர் தோளில் மாட்டியபடி, உட்பக்கம் லைனிங்கும் ஜிப்பும், தையல் தெரியும்படி நெருக்கத்தில் ஒன்று, பாட்டிலும் நோட்டும் உள்ளே வைத்து ஒன்று. தோளில் மாட்டிய படம் இல்லாவிட்டால், எத்தனை பெரிய பை என்று கேட்டு மெசேஜ் வந்துகொண்டே இருக்கும். கேட்காமல் போய்விடுபவர்கள் அதைவிட அதிகம். போஸ்டுக்கு 4:5 அளவில் வெட்டுங்கள், 1080க்கு 1350 பிக்சல். குறுக்கே அகலமான படத்தைவிட ஃபோன் திரையில் அதிக இடம் பிடிக்கும்.

படத்தின் கீழே எழுதுவதில் நடக்கும் தவறு எல்லாரிடமும் ஒன்றுதான். இப்படி இருக்கும்:

“அழகிய கைவினைப் பை. ஒவ்வொரு இழையும் அன்போடு பின்னியது. விலைக்கு மெசேஜ் செய்யவும்.”

இதில் வாங்குபவருக்கு ஒரு தகவலும் இல்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“குரோஷே தோள்பை, கடுகு மஞ்சள். முழுக்கக் காட்டன் நூல், உள்ளே துணி லைனிங், மேலே ஜிப். அகலம் 32 செ.மீ., உயரம் 28 செ.மீ., கைப்பிடியின் தொங்கல் 26 செ.மீ., தோளில் மாட்டலாம். ஒரு லிட்டர் பாட்டில், ஏ5 நோட்டு, மடக்குக் குடை, பர்ஸ் பிடிக்கும். 2 கிலோவுக்கு மேல் வைத்தால் கைப்பிடி நீளும். குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்காமல், விரித்துக் காய வைக்கவும். கையில் தயாராக 2 இருக்கிறது. வேறு நிறம் என்றால் 12 நாள்.” அதன் கீழே விலை.

கைப்பிடி நீளும் என்று நீங்களே சொல்வது வியாபாரத்தைக் கெடுக்குமே என்று தோன்றும். பின்னல் இழுபடும், ஈரத்தோடு தொங்கவிட்டால் இன்னும் இழுபடும். வாங்கியவர் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார். முன்பே சொல்லிவிட்டால் அது உபயோகக் குறிப்பு, பின்னால் அவர் சொன்னால் புகார். விலையை மறைப்பதும் வேண்டாம். ‘இன்பாக்ஸ் பண்ணுங்க’ என்றால் விலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கேட்பவர்களிலும் பாதிப் பேர் விலையை மட்டும் தெரிந்துகொண்டு போவார்கள், பதில் எழுதும் நேரத்தில் நீங்கள் நாலு வரிசை பின்னியிருக்கலாம்.

விற்பனை முடிகிற இடம் பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம், அதிலுள்ள கேட்டலாகில், அதாவது பொருள் பட்டியலில், 500 பொருள் வரை ஏற்றலாம். உங்களுக்குப் பத்துப் பதினைந்து போதும். விற்றுத் தீர்ந்ததை அன்றே மறைத்துவிடுங்கள், இல்லாததைக் கேட்டு ஏமாந்தவர் மறுபடி கேட்பதில்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இது தெரியாமல் 200 பேருக்கு அனுப்பிவிட்டு யாரும் பதிலே போடவில்லை என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. அதனால் ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும், “புதுப் பை வந்தால் தெரிவிக்கலாமா? சரி என்றால் இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு செய்தி, ஒரு படம், விலை. அதற்கு மேல் போனால் பிளாக் செய்வார்கள். இப்படிச் சேர்ந்த 60 பேர், அந்த 600 பேரைவிட அதிகமாக வாங்குவார்கள்.

வீடியோ பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள், அத்தனை பெரிய விஷயமில்லை. இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் ஒரு மரப்பலகையைக் குறுக்கே வைத்து, அதன் விளிம்பில் ஃபோனைக் கீழ்நோக்கி ரப்பர் பேண்டால் கட்டினால் மேலிருந்து எடுக்கும் ஸ்டாண்டு ரெடி. 30 நிமிடப் பின்னலை 60 மடங்கு வேகப்படுத்தினால் 30 விநாடி. முதல் 2 விநாடியில் முடித்த பையைக் காட்டிவிடுங்கள், வெறும் நூலில் ஆரம்பித்தால் கடந்துபோய்விடுவார்கள். கடைசியில் அதை யாராவது தோளில் மாட்டிக்கொண்டு நடக்கட்டும், இல்லாவிட்டால் மறுபடி பின்னுபவர்கள்தான் வந்து சேர்வார்கள். பிசினஸ் கணக்கு வைத்திருந்தால் சினிமாப் பாட்டைச் சேர்க்காதீர்கள். உரிமைச் சிக்கலில் வீடியோவின் ஒலியையே எடுத்துவிடுவார்கள். நூல் அறுக்கும் கத்தரிச் சத்தமே நன்றாக இருக்கும். பிரபலக் கார்ட்டூன் உருவங்களைச் சாவிக்கொத்தாகப் பின்னுவதிலும் இதே உரிமைப் பிரச்சினை உண்டு.

படங்களைத் தேடிச் சேமிக்கும் தளமான பின்டரஸ்டில் படங்களைப் போட்டு வைப்பது வீணாகாது. அது தேடும் இடம் என்பதால் பழைய படமும் மாதக்கணக்கில் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். 2:3 அளவு, அதாவது 1000க்கு 1500 பிக்சல். எட்சி போன்ற ஆன்லைன் கைவினைச் சந்தைகள் பட்டியலிடுவதற்கும் விற்பதற்கும் தனித்தனியாகக் கட்டணம் பிடிக்கின்றன, பட்டியல் நாலு மாதத்தில் காலாவதியாகி மறுபடி கட்டணம் கேட்கும். மாதம் 17 பை செய்பவர் அங்கே போக அவசரமில்லை. போனால், ஒரு பொருளுக்குத் தரும் 13 தேடல் சொற்களையும் (அங்கே ‘டேக்’ என்பார்கள்) நிரப்புங்கள், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டு வீணாக்காதீர்கள்.

இப்போது அந்த ஒரு பையின் காசு. இரண்டாவது மாதம் அதில் பொருளோடு கட்டி அனுப்பும் அட்டை டேக் அடியுங்கள். ஏ4 அட்டையில் 5க்கு 9 செ.மீ. அளவில் 12 டேக் வெட்டலாம் (குறுக்கே நாலு, நெடுக்கே மூன்று). 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அட்டை போதும். அதைவிடத் தடிமனை வீட்டுப் பிரின்டர்கள் பல இழுக்காமல் சிக்கவைக்கும். இங்க்ஜெட் மை ஈரக்கை பட்டால் கலையும், லேசர் பிரின்ட் எடுக்கும் கடையில் கொடுங்கள். ஒரு பக்கம் பெயரும் துவைக்கும் முறையும், மறுபக்கம் க்யூஆர் கோடு.

க்யூஆர் கோட்டில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘இலவசம்’ என்று சொல்லும் பல தளங்கள் தருவது டைனமிக் கோடு. அது முதலில் அவர்கள் தளத்துக்குப் போய் அங்கிருந்துதான் உங்கள் பக்கத்துக்கு வரும். இலவசக் காலம் முடிந்ததும் கோடு செத்துவிடும், அச்சடித்த டேக்கெல்லாம் குப்பை. ஸ்டாடிக் கோடு என்று கேட்டு வாங்குங்கள். லிங்க் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே இருப்பதால் காலாவதி கிடையாது. லிங்க் சின்னதாக இருந்தால் கட்டங்கள் குறைந்து சீக்கிரம் ஸ்கேன் ஆகும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே உங்கள் அரட்டைக்கான சுருக்க லிங்க் கிடைக்கும், அதையே போடலாம். அளவு 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு: ஸ்டாலில் ஒரு மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய 10 செ.மீ. வேண்டும். சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் விடுங்கள். வெள்ளையில் கறுப்பு மட்டும்; அழகுக்காக இளஞ்சிவப்பில் அடித்தால் பல ஃபோன்கள் படிக்காது. 12ஐயும் அடிப்பதற்கு முன் ஒன்றை அடித்து இரண்டு மூன்று ஃபோன்களில் சோதியுங்கள்.

டேக் கையில் வந்ததும் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. சோப்போ மெழுகுவர்த்தியோ மண் நகையோ செய்து விற்கும் ஒருவரோடு பேசி, அவர் பார்சலில் உங்கள் டேக்கும் உங்கள் பார்சலில் அவருடையதும் போட ஏற்பாடு செய்யுங்கள். கையால் செய்ததற்கு ஏற்கெனவே காசு கொடுத்தவர் கைக்கு அது போகிறது. இதைவிடப் பொருத்தமான ஆளை எந்த விளம்பரமும் தேடித் தராது.

தள்ளுபடி பற்றி எல்லாரும் கேட்பார்கள். பையின் விலையை 100 என்று வையுங்கள். நூல், லைனிங், ஜிப் 30, டேக்கும் பேக்கிங்கும் 10. மிச்சம் 60 உங்கள் 5 மணி நேரத்துக்கான கூலி. 20 சதவீதம் தள்ளினால் கையில் வருவது 80, கூலி 40. முன்பு 4 பைக்குக் கிடைத்த 240ஐ இப்போது பெற 6 பை பின்ன வேண்டும், அதாவது 30 மணி நேரம். உங்களிடம் இருப்பது 20. மெஷின் சரக்குக்குத் தள்ளுபடி விளம்பரம். கைவேலைக்கு அது கூலிக் குறைப்பு. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மிச்ச நூலில் 15 நிமிடத்தில் பின்னும் ஒரு சாவிக்கொத்தை இரண்டாவது முறை வாங்குபவருக்குச் சேர்த்து அனுப்புங்கள்.

கடைகளில் வைத்து, விற்ற பிறகு காசு வாங்கும் ஏற்பாட்டிலும் இதே கணக்கு ஓடும். கடைக்காரர் 30 முதல் 40 சதவீதம் எடுத்துக்கொள்வது சாதாரணம். 35 போனால் 100 ரூபாய்ப் பையில் பொருள் செலவு கழித்து உங்களுக்கு 25தான் நிற்கும். ஆகவே கடைக்குப் பையைக் கொடுக்காமல், சீக்கிரம் முடியும் சாவிக்கொத்துகளை டேக்கோடு கொடுங்கள். காசு தந்துகொண்டே விளம்பரமும் செய்யும். எத்தனை கொடுத்தீர்கள், கடையின் பங்கு எவ்வளவு, எந்தத் தேதியில் கணக்கு, தொலைந்தால் யார் பொறுப்பு, விற்காததை எப்போது எடுத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வெயில் படும் கண்ணாடிப் பக்கம் வைத்திருந்தால் நிறம் வெளுக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி வையுங்கள்.

ஸ்டால் போடுவதென்றால் வாடகையைப் போல் பத்து மடங்காவது விற்கும் என்று நம்பிக்கை இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் வேறு பொருள் விற்பவரோடு பாதி மேசையைப் பகிருங்கள். பைகளை மேசையில் படுக்கவைத்தால் துணிக் குவியல் மாதிரி இருக்கும், கண் மட்டத்தில் தொங்கவிடுங்கள். எல்லாவற்றிலும் விலை தெரியட்டும். சும்மா உட்கார்ந்து ஃபோன் பார்க்காமல் பின்னிக்கொண்டிருங்கள். கை ஓடுவதைப் பார்க்க நிற்பவரிடம் பேச்சை ஆரம்பிப்பது சுலபம்.

காசு கொடுத்துப் போடும் ஆன்லைன் விளம்பரத்தை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பர இயந்திரம் யாருக்குக் காட்டினால் வாங்குவார்கள் என்று கற்றுக்கொள்ள, ஒரு வாரத்தில் சுமார் 50 விற்பனையாவது நடக்க வேண்டும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. நீங்கள் மாதம் முழுக்கப் பின்னுவதே 17. அது கற்றுக்கொள்வதற்குள் உங்கள் காசு தீர்ந்துவிடும். போஸ்டைக் காசு கொடுத்துப் பரப்பும் ‘பூஸ்ட்’ பொத்தானை அப்படியே அழுத்தினால் லைக் போடும் பழக்கமுள்ளவர்களுக்குக் காட்டும், லைக் வரும், உங்கள் பிரச்சினையே அதுதான். பார்த்தே ஆக வேண்டும் என்றால், காசில்லாமலேயே இரண்டு மூன்று ஆர்டர் கொண்டுவந்த ஒரு போஸ்டை மட்டும், ‘மெசேஜ்’ என்ற இலக்கோடு, நீங்கள் அனுப்பக்கூடிய பகுதிக்குள், 5 நாள் போட்டுப் பாருங்கள்.

எது பலிக்கிறது என்று தெரிய ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரி: தேதி, என்ன பொருள், எங்கே பார்த்தார் (டேக், சோப்புப் பார்சல், இன்ஸ்டாகிராம், தோழி சொன்னது), முதல் முறையா இரண்டாவது முறையா. “எங்கே பார்த்தீங்க?” என்று பணம் வந்த பிறகு கேளுங்கள், முன்னால் கேட்டால் பேச்சு திசைமாறும். மூன்று மாதத்தில் 40, 50 வரி சேரும். ஒரு வரிகூடக் கொண்டுவராத இடத்தை அப்போது விட்டுவிடலாம், அது இன்ஸ்டாகிராமாகவே இருந்தாலும். அதே நோட்டில் ஆர்டருக்கும் அனுப்பிய தேதிக்கும் இடையிலுள்ள நாட்களையும் குறியுங்கள். அது தொடர்ந்து மூன்று வாரத்தைத் தாண்டினால் டேக் கொடுப்பதையும் போஸ்ட் போடுவதையும் அப்படியே நிறுத்திவிட்டு, அடுத்த ஆர்டரிலிருந்து விலையைப் பத்து சதவீதம் ஏற்றுங்கள்.